அந்தத் தாள் யாருக்கு எழுதப்படுகிறது?

‘சொன்னால் அந்தப் பெண்களுக்குப் புரியாது.’ இந்திய மருத்துவ உலகில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் இவ்வாக்கியம், கேட்பதற்குக் கள நிலவரத்தைக் கூறும் எளிய கூற்றுப்போல் ஒலிக்கிறது. அது செய்யும் வேலை வேறு. ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கும், பாதியை மட்டும் சொல்லி அச்சுறுத்துவதற்கும் ஒருசேர அனுமதி வழங்குவது அது. கருப்பை வாய்ப் பரிசோதனையின் இந்திய வரலாற்றைப் புரட்டினால் இரண்டுமே நடந்திருப்பது தெரியும்.

முதலாவது தலைநகரில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் தில்லியில் இயங்கிய உயிரணுவியல் நிறுவனம் 1976 முதல் 1988 வரை ஓர் ஆய்வை மேற்கொண்டது. கருப்பை வாயில் பல்வேறு நிலைகளில் உயிரணு மாற்றங்கள் கண்டறியப்பட்ட 1,158 பெண்கள், சிகிச்சையளிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட்டனர். எவ்வகை மாற்றம் புற்றாகிறது, எத்தனை காலத்தில் ஆகிறது என்று அறிவதே நோக்கம். ஒன்பது பெண்களிடம் அது ஊடுருவும் புற்றுநோயாகவே முற்றியது. 1997இல் செய்தி வெளியானபோது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு, தங்கள் உடலில் உள்ள மாற்றம் புற்றாகக்கூடும் என்பது அப்பெண்களுக்கு உரைக்கப்படவில்லை என்பதே. எழுத்துவழி ஒப்புதலும் பெறப்பட்டிருக்கவில்லை. அவர்களுள் பலர் எழுத்தறிவற்றவர்கள் என்பது அன்று தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாமைக்கும் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாமைக்கும் உள்ள வேறுபாடு, அறிவியல் நிறுவனமொன்றுக்கு அத்தனை எளிதாக மறந்துபோயிற்று.

இரண்டாவது, அண்மைக்காலத்தது. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் மூன்றே ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைகளில் 4,600க்கும் மேற்பட்ட கருப்பை நீக்க அறுவைகள் நடந்திருந்தது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் அவர்களுள் கணிசமானோர். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று சென்ற பெண்களிடம் ‘எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்’ என்று கூறப்பட்டதாகச் செய்திகள் எழுதின. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலும் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்தது பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது.

தில்லியில் மௌனம், பீடில் அச்சம். ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. தன் உடலைப் பற்றிய முடிவைத் தானே சரிபார்த்துக்கொள்ள இயலாத நிலையில் ஒரு பெண் இருக்கும்வரை, அவளிடம் எதையும் மறைக்கலாம், எதையும் சொல்லி நம்பவைக்கலாம். ஆகவே, பாப் ஸ்மியர் முடிவுத் தாளின் மொழி என்பது ‘தகவல் தொடர்பியல்’ பாடத்திட்டத்தின் கடைசி அலகில் ஒதுக்கிவைக்கத்தக்க சிறு செய்தி ஆகாது.

அந்தத் தாளில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்கும் முடிவு ‘என்.ஐ.எல்.எம்.’ என்ற நான்கு எழுத்துகள். விரித்தால், மேல்தோல் படலத்துக்குள் புற்றுக்கு முந்தைய மாற்றமோ புற்றோ காணப்படவில்லை என்று பொருள். நல்ல செய்திதான். ஆனால் அந்நல்ல செய்தி ‘நெகட்டிவ்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. ‘நெகட்டிவாகப் பேசாதே’ என்று அன்றாடம் அச்சொல்லைத் தீமைக்கு ஆளும் நாட்டில், அதைத் தொடர்ந்து புற்றைக் குறிக்கும் ‘மாலிக்னன்சி’யும் அச்சிடப்பட்டிருந்தால், அரைகுறை ஆங்கிலம் தெரிந்த மகனோ பக்கத்து வீட்டு மாணவியோ அதை எப்படிப் படித்துச் சொல்வார்கள்? கொரோனா ஆண்டுகள் இவ்விரு சொற்களின் மருத்துவப் பொருளை ஓரளவு கற்பித்தன, நோய்த்தொற்றுக்கு மட்டும்.

அதே வரியின் கீழே ‘அழற்சி’ என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்தியாவில் எடுக்கப்படும் ஸ்மியர்களில் இது மிகச் சாதாரணம். பூஞ்சையாலோ, இயல்பான நுண்ணுயிர்களின் சமநிலை மாறுவதாலோ, கருத்தடைச் சாதனத்தாலோ, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மெலிவாலோ வரக்கூடியது. புற்றோடு தொடர்பில்லாத இக்குறிப்பே தேவையற்ற மருந்துகளுக்கும், சில இடங்களில் அதைவிடக் கொடிய பரிந்துரைகளுக்கும் வாசலாகிறது. அறிக்கை பொய் சொல்லவில்லை. எது பொருட்படுத்த வேண்டியது, எது கடந்து செல்ல வேண்டியது என்று அது பிரித்துக்காட்டுவதில்லை. அந்த இடைவெளியை யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

‘அன்சாடிஸ்ஃபாக்டரி’ என்று வரும் முடிவு இன்னொரு வகை. மரபான முறையில் கண்ணாடிச் சில்லில் பூசிய மாதிரியில் ஏறத்தாழ 8,000 முதல் 12,000 வரையும், திரவ முறையில் குறைந்தது 5,000மும் தட்டை உயிரணுக்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மாதிரி போதாது. மீண்டும் எடுக்க வேண்டும். அவ்வளவே. சொல்லோ ‘திருப்தியில்லை’ என்கிறது. யாருக்குத் திருப்தியில்லை, எதில் திருப்தியில்லை என்று அச்சொல்லில் இல்லை. எடுத்த கையின் குறையோ பூசிய முறையின் குறையோ இரத்தம் கலந்ததோ, எல்லாம் எழுவாய் இல்லாத ஒற்றைப் பெயரடைக்குள் அடங்கி, கடைசியில் பரிசோதிக்கப்பட்ட உடலின் தலையில் விழுகின்றன.

மொழியியல் மாணவர்கள் ஓர் அரைநாள் உட்கார்ந்து ஆராயத்தக்க முடிவு, ‘ஆஸ்கஸ்’ என்று சுருக்கி அழைக்கப்படுவது. இன்ன பொருளுடையது என்று துணிய முடியாத, வழக்கத்துக்கு மாறான தட்டை உயிரணுக்கள் என்பது அதன் விரிவு. இது நோயின் பெயர் அன்று. பார்ப்பவரின் ஐயத்துக்கு இடப்பட்ட பெயர். நுண்ணோக்கியின் இந்தப் பக்கத்தில் இருக்கும் அறிவுநிலையை விவரிக்கும் சொல்லை, அந்தப் பக்கத்தில் இருக்கும் உடலின் நிலையாக வாசிப்பது எவ்வளவு பெரிய பிழை! உடனே எச்.பி.வி. சோதனை செய்துகொள்வதோ, ஓராண்டில் மீண்டும் ஸ்மியர் எடுப்பதோ போதும் என்பதே இதற்குரிய நடைமுறை. ‘ஐயம்’ என்பதை வினைமுற்றிலேயே ஏற்றிச் சொல்லும் வளம் இந்திய மொழிகளுக்கு உண்டு. ‘இருக்கிறது’, ‘இருக்கலாம்’, ‘இருக்கும்போல் தெரிகிறது’, ‘இருப்பதாகச் சொல்கிறார்கள்’ ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழ் பேசுவோர் அனைவரும் அன்றாடப் பேச்சிலேயே கையாளுகிறார்கள். அப்படியிருக்க, ‘நிச்சயமற்ற தன்மையை நோயாளிகளிடம் விளக்க முடியாது’ என்று கருத்தரங்குகளில் வருத்தப்படுவதில் பொருளில்லை.

அடுத்த இரு படிகள் ‘எல்சில்’, ‘எச்சில்’. (பின்னதைத் தமிழ் எழுத்தில் எழுதியபின் யாரும் அதை வேறு எதுவாகவும் வாசிக்கப்போவதில்லை, சுருக்கக்குறிகளை அப்படியே ஒலிபெயர்ப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) எல்சில் என்பது எச்.பி.வி. கிருமி தொற்றியதால் உண்டாகும் இலேசான மாற்றம். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில், குறிப்பாக இளம்பெண்களுக்குத் தானே மறைவது. எச்சில் என்பது கவனிக்கப்பட வேண்டிய, புற்றுக்கு முந்தைய மாற்றம். அதுவும் புற்று அன்று. பெரிதாக்கிப் பார்த்து, சதைத்துணுக்கு எடுத்து உறுதிசெய்து, அம்மாற்றமடைந்த பகுதியை மட்டும் நீக்கினால் போதும். கருப்பையையே எடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எச்.பி.வி. தொற்றிய உயிரணுக்கள் புற்றாவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்றும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் ஆகலாம் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அதாவது, பரிசோதனையின் பயனே இந்த நீண்ட அவகாசத்தில்தான் இருக்கிறது. பீட் மாவட்டத்துப் பெண்களிடம் ‘உடனே’ என்ற சொல்லைப் பயன்படுத்தியவர்கள் திருடியது இந்த அவகாசத்தையே.

சதைச் சோதனைக்குப் பின் வரும் ‘சி.ஐ.என். 3’ என்ற குறி விளைவிக்கும் குழப்பம் தனி. புற்றுநோய் என்றாலே ‘மூன்றாவது ஸ்டேஜ்’, ‘நான்காவது ஸ்டேஜ்’ என்று எண்ணிப் பழகிய செவிகளுக்கு இந்த 3 என்னவாகக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. உண்மையில் இது முதலாம் கட்டத்துக்கும் முந்தியது. ஒரே உறுப்புக்கு இரண்டு எண்வரிசைகள். முன்னதன் கடைசி எண் முடிந்தபின்தான் பின்னதன் முதல் எண்ணே தொடங்கும். இதை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். எந்த அறிக்கையிலும் அவ்வாக்கியம் இடம்பெறுவதில்லை.

என்.ஐ.எல்.எம். வந்தவருக்கும் சொல்லப்படாத ஒன்று உண்டு: ஒருமுறை எடுத்த ஸ்மியர் சில மாற்றங்களைத் தவறவிடக்கூடும், ஆதலால்தான் குறித்த கால இடைவெளியில் மீண்டும் வரச் சொல்கிறார்கள். இதைக் கேளாத பெண் அந்தத் தாளை வாழ்நாள் சான்றிதழாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இவ்வறிக்கை மொழி வானத்திலிருந்து விழுந்ததன்று. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பனிகொலாவ் வகுத்த முறையில் முடிவுகள் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளாகத் தரப்பட்டன. இரண்டாம் வகுப்பு என்றால் என்ன, மூன்றாம் வகுப்பு என்றால் என்ன என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பொருள் மாறியது. ஒருவர் எழுதியதை மற்றவர் வேறாகப் படித்தார். 1987இல் அமெரிக்க ஆய்வகங்களின் கவனக்குறைவைப் பற்றிய செய்திகள் வெளிவந்து கொந்தளிப்பு எழ, 1988 டிசம்பரில் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெதஸ்தா என்ற ஊரில் வல்லுநர்களைக் கூட்டிச் சொற்களை வரையறுத்தது. 1991, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், ‘நோயறுதி’ என்ற தலைப்பைக் கைவிட்டு ‘பொருள்கோள்’ அல்லது ‘முடிவு’ என்று மாற்றியது. ஸ்மியர் நோயை உறுதிசெய்வதன்று, வடிகட்டுவது மட்டுமே என்பதை உணர்த்துவதற்காக. ஒரு தலைப்புச் சொல்லைக்கூட இத்தனை கவனமாகப் பார்த்த துறை அது.

சொல் தெளிவில்லையேல் சிகிச்சை தவறும் என்பதை மருத்துவத் துறை முழுமையாக அறிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஆய்வகத்தாரும் மருத்துவரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டபோது நாடு தழுவிய கூட்டம் கூட்டப்பட்டது. மூன்றாமவரான அந்தப் பெண் தவறாகப் புரிந்துகொள்ளும்போது மட்டும் அது அவளுடைய கல்வியின்மையாகிவிடுகிறது. இரண்டு மருத்துவர்களுக்கு இடையே நேர்ந்தால் சொல்லின் குறை. மருத்துவருக்கும் உழைக்கும் பெண்ணுக்கும் இடையே நேர்ந்தால் பெண்ணின் குறை!

இங்கே ஒரு மறுப்பு வரும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் கருப்பை வாய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. நூற்றுக்கு இரண்டு பேர்கூடச் செய்துகொள்ளாத நாட்டில் முடிவுத் தாளின் நடையைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரமில்லையா? மேலும், அரசுத் திட்டம் ஸ்மியரைவிடச் செலவு குறைந்த அசிட்டிக் அமிலச் சோதனையையே முன்வைக்கிறது, எதிர்காலம் எச்.பி.வி. சோதனையுடையது, பெதஸ்தாவின் சொற்களோடு மல்லுக்கட்டுவானேன்?

முதற்பகுதிக்கு விடை எளிது. பரிசோதனை செய்துகொண்ட அந்த ஒருத்தி ஊருக்குத் திரும்பி என்ன சொல்கிறாள் என்பதைப் பொறுத்தே அடுத்த பத்துப் பேர் வருவதும் வராததும் அமையும். ‘என்னமோ எழுதியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது’ என்பதே அவள் கொண்டுசெல்லும் செய்தி எனில், எத்தனை விளம்பரப் பலகை வைத்தாலும் 1.9 நகராது. 2024 பிப்ரவரியில் ஒரு நடிகை இந்நோயால் இறந்ததாகப் பொய்ச்செய்தி பரப்பப்பட்டு, மறுநாளே அது ‘விழிப்புணர்வு’ என்று விளக்கப்பட்டது. நாடே ஒரு வாரம் இந்நோயைப் பற்றிப் பேசியது. பரிசோதனைக்குச் சென்றால் என்ன முடிவு வரும், அதை எப்படிப் படிப்பது என்று அந்த ஒரு வாரத்தில் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இரண்டாம் பகுதி இன்னும் வலுவற்றது. அசிட்டிக் அமிலம் பூசி ஒரு நிமிடம் காத்திருந்தால் மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். முடிவு அங்கேயே வாய்மொழியாகச் சொல்லப்படும். ‘பாசிட்டிவ்’ என்ற அதே சொல்லால்! எச்.பி.வி. சோதனையில் இச்சொல் மேலும் கொடியது. பாலுறவால் பரவும் கிருமி என்ற அரைத் தகவலோடு அது வீட்டுக்குள் நுழையும்போது, விசாரணைக் கூண்டில் நிறுத்தப்படுவது யாருடைய ஒழுக்கம் என்று விளக்க வேண்டுமா? பாலுறவு வாழ்வுடைய பெரும்பாலோருக்கு எப்போதேனும் தொற்றுவது இக்கிருமி. ஆண்டுக்கணக்கில் அரவமின்றி உடலில் தங்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அச்சோதனையில் எந்தச் சான்றும் இல்லை. இவ்வொரு வாக்கியம் தாளில் அச்சிடப்பட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை மூளாது. அறிக்கைகள் கணவனின் கைப்பேசி எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் நாட்டில் அது இன்னும் இன்றியமையாதது.

‘புரியாது’ என்பதற்கு எதிரான வலுவான சான்று மும்பையிலேயே இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே நடத்திய ஆய்வில், அசிட்டிக் அமிலச் சோதனையைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்புவரை படித்த, சில வாரப் பயிற்சி பெற்ற பெண்கள். நோயைப் பற்றி மற்றப் பெண்களுக்கு எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே. கருப்பை வாய்ப் புற்றால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. பத்தாம் வகுப்புப் படித்த பெண் சோதனையைச் செய்யவே வல்லவள் என்றால், முடிவைப் புரிந்துகொள்ள மாட்டாளா?

மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மொழித் துறைகள் நழுவிவிட முடியாது. அறிவியல் கலைச்சொல் ஆணையம் 1961இல் அமைந்ததிலிருந்து, எல்லா மொழிகளிலும் சொற்பட்டியல்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அவற்றின் வழியே இவ்வறிக்கையை மொழிபெயர்த்தால் ‘உயர்தரத் தட்டைப் புறத்தோலிழைமத்துள் நைவுப்புண்’ என்று ஏதோ வரும். ஆங்கிலத்தில் புரியாதது தமிழிலும் புரியாமற்போகும். கூடவே, இல்லாத ‘புண்’ ஒன்றும், பள்ளி மதிப்பெண்போல் நல்லதாக ஒலிக்கும் ‘உயர்தர’மும் சேர்ந்துகொள்ளும். சொல்லுக்குச் சொல் வைப்பதைப் பணி முடிந்ததாகக் கருதும் தமிழ்ப்பற்றும், ஆங்கிலமே போதும் என்னும் மருத்துவச் செருக்கும் அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மொழியின் வறுமை இதற்குக் காரணமன்று. இந்திக்காரர் ‘பச்சேதானி கா முஹ்’ என்கிறார், வங்காளியர் ‘ஜராயு முக்’ என்கின்றனர், தமிழில் ‘கருப்பை வாய்’. உடலின் மிக மறைவான உறுப்புக்கு மக்கள் கூச்சமின்றி வைத்த இப்பெயர்கள், எந்த ஆணையத்தின் சொல்லைக்காட்டிலும் தெளிவானவை.

சொல்லாடல் பகுப்பாய்வு என்ற பெயரில் திரைப்படச் சுவரொட்டியையும் தேர்தல் மேடைப் பேச்சையும் பிரித்து மேயும் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. ஆய்வக அறிக்கையைத் தரவாகக் கொண்டவை எத்தனை? மனித உரிமை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் அளவில் விளக்கம் பெறுவதை உரிமையாகவே வைத்திருக்கிறது. ‘புரியும் அளவு’ என்பதை வரையறுக்கும் வேலை யாருடையது? மொழியியலாளர் வராவிட்டால் விளம்பர நிறுவனம் வரும்.

பெதஸ்தா படிவத்தை மாற்றக்கூடத் தேவையில்லை. அதன் கடைசியில் விளக்கக் குறிப்புகளுக்கென ஓர் இடம் உண்டு. விரும்பினால் நிரப்பலாம் என்ற நிபந்தனையோடு. ஐந்தாறு முடிவுகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியங்கள் போதும். ஐயத்துக்குரிய ஆஸ்கஸ் முடிவுக்கு இப்படி எழுதலாம்: “உங்கள் கருப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரியில் சில உயிரணுக்கள் வழக்கமான தோற்றத்தில் இல்லை. அது எதனால் என்று இந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. கருப்பையை எடுக்க வேண்டியதும் இல்லை. எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் மீண்டும் இதே சோதனைக்கு வாருங்கள்.”

இதில் அறிவியல் எங்கே குறைந்தது என்று நோயியலாளர்கள் சொல்லட்டும், திருத்தலாம். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் இதையே வாசித்துக்காட்ட ஒரு நிமிடம் ஆகாது. இருபத்திரண்டு அட்டவணை மொழிகளிலும் இதை எழுதி, அந்தந்த ஊர்ப் பெண்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிச் சொல்லக் கேட்டுத் திருத்துவது ஒரு பருவத்துக்கான களப்பணி. முதுகலை மாணவர்கள் செய்யக்கூடியது. நிதிநல்கைக்குக் காத்திருக்க வேண்டிய வேலைகூட இல்லை.